பச்சையைத் தாண்டிய முள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான்கு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். என்னிடம் நல்ல வார்த்தை அவ்வளவாகக் கையிருப்பு இல்லை. தீயணைப்பு சிலிண்டர் நிரப்பும் பட்டறையில் கெமிஸ்டாக இருந்தே தலை நரைத்தவள் நான். பெங்களூர் விவேக் நகரிலிருந்து சந்தாபுராவுக்குப் போய் வந்ததில் பாதி ஆயுள் வேலையிலும் பாதி ஆயுள் டிராஃபிக்கிலும் போயிற்று. இரண்டில் எதிலும் பெரிய தத்துவம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு உப்பை நன்றாகத் தெரிந்துகொண்டேன். அதைப் பற்றிச் சொல்கிறேன், கூடவே அதை வைத்து நாங்கள் ஒரு கல்யாணச் சாப்பாட்டைத் தாமதப்படுத்திய கதையையும் சொல்கிறேன்.

உப்பின் பெயர் மோனோ அமோனியம் பாஸ்பேட். நீங்கள் தினமும் தூக்கி மாட்டுகிற ஏபிசி சிலிண்டருக்குள் இருக்கும் வெள்ளைப் பொடியில் பெரும்பங்கு அதுதான். அதே உப்பைத்தான் ஆனேக்கல் பக்கத்து ரோஜாத் தோட்டங்களில் சொட்டுநீரில் கரைத்துச் செடிக்கு விடுகிறார்கள். செடிக்குச் சோறு, நெருப்புக்கு எமன். இப்படி இரண்டு உத்தியோகம் பார்க்கிற பொருள் உலகத்தில் குறைவு. அதற்காக அது அலட்டிக்கொள்வதில்லை. வாசனை கிடையாது, நிறம் கிடையாது, தண்ணீரில் போட்டால் சத்தமில்லாமல் கரைந்துவிடும்.

சூடு பட்டால்தான் அதன் திறமை தெரியும். இருநூறு டிகிரி வருவதற்குள்ளேயே உருக ஆரம்பிக்கும். இன்னும் சூடேறினால் அமோனியா பிரிந்து போய், மிச்சம் இருப்பது பிசுபிசுவென்று பாகு மாதிரி எரிகிற கட்டையின் மேல் படர்ந்து ஒட்டிக்கொள்ளும். காற்று உள்ளே போக வழியில்லாமல் தணல் அப்படியே அடங்கும். விறகு, துணி, காகிதம் என்று எது எரிந்தாலும் இந்தப் பொடி அணைப்பதற்குக் காரணம் இந்தப் பாகுதான்.

அதற்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. முதலாவது ஈரம். காற்றில் இருக்கும் ஈரம் போதும், மெல்ல மெல்லக் கட்டி தட்டிவிடும். அதனால்தான் ஒவ்வொரு துகளுக்கும் மேல் சிலிக்கோன் பூசி அனுப்புகிறார்கள். நல்ல பொடியைத் தண்ணீரில் தூவினால் நனையாமல் மேலேயே மிதக்கும். இரண்டாவது, இது சுபாவத்தில் கொஞ்சம் புளிப்பு. லேசான அமிலம். ஆகவே காரத்தோடு ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணாது.

நம் தொழிலில் இருக்கும் இன்னொரு பொடி காரம். சோடியம் பைகார்பனேட், அதாவது ஆப்ப சோடா. எண்ணெய், பெட்ரோல், கேஸ் நெருப்புக்கென்று தனியாகக் கேட்பவர்களுக்கு அதை நிரப்புவோம். அதுவும் வெள்ளைதான், அதுவும் மாவு மாதிரிதான். இந்த இரண்டும் கலந்து, கொஞ்சம் ஈரமும் சேர்ந்தால், கரியமில வாயு கிளம்பும். கூடவே தண்ணீரும் உண்டாகும். அந்தத் தண்ணீரே அடுத்த சுற்றுக்கு ஈரமாகும். யாரும் கிளறிவிட வேண்டாம், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். திறந்த பாத்திரத்தில் என்றால் நுரைத்துவிட்டு அடங்கிவிடும். நம் சிலிண்டர் இரும்பு. அதில் ஏற்கெனவே நைட்ரஜனை அழுத்தி அடைத்து வைத்திருக்கிறோம். மேலும் மேலும் வாயு கிளம்பினால் அது எங்கே போகும்?

இதெல்லாம் உங்கள் பயிற்சிப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் இல்லாதது ஆயுத பூஜை.

பெங்களூரில் ஆயுத பூஜைக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆட்டோவிலிருந்து ஜேசிபி வரை வாழைக்கன்று கட்டிக்கொண்டு நிற்கும். விபத்து நடக்கக் கூடாது என்று ரோட்டின் நடுவில் பூசணிக்காய் உடைப்பார்கள், அடுத்து பைக்கில் வருகிறவன் அதில் வழுக்கி விழுவான். எங்கள் பட்டறையிலும் பூஜை தடபுடல்தான். நெருப்பணைக்கிற சிலிண்டர்களுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திக் காட்டுவோம். சிலிண்டர்கள் இதுவரை ஆட்சேபணை சொன்னதில்லை.

சில வருஷங்களுக்கு முன் நடந்தது இது. பொடி நிரப்புகிற வேலை முனிராஜுவிடம் இருந்தது. என் வயதுதான். அவர் கைபட்ட சிலிண்டரில் எடை கூடாது, குறையாது. கல்பலகையில் தலைமுடி விழுந்தாலும் துடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அப்படிப்பட்டவர் பூஜைக்குப் பட்டறையைக் கழுவினால் கேட்க வேண்டுமா? அம்மன் படத்துக்கு முன்னால் எதுவும் அரைகுறையாக இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. வாய் பிரித்த மூட்டைகள் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. ஆகவே ஒரு நீல டிரம்மைக் கழுவித் துடைத்து, அரைகுறையாகக் கிடந்த மூட்டைகளையெல்லாம் அதில் கொட்டி, மூடி போட்டு, மூடிமேல் சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமந்திப்பூ மாலை போட்டு, நடுவில் நிறுத்திவிட்டார். கொட்டிய மூட்டைகளில் பாஸ்பேட்டும் இருந்தது, சோடாவும் இருந்தது.

இதை நீங்கள் முட்டாள்தனம் என்று நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். அந்த டிரம்மிலிருந்து யாரும் சிலிண்டர் நிரப்பப் போவதில்லை என்றுதான் முனிராஜு நினைத்திருந்தார். பூஜை முடிந்ததும் அதை வேறு எதற்காவது பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

எங்கள் முதலாளி கணக்கு வேறு. அவர் ஆனேக்கல்காரர், வீட்டில் கன்னடம், வியாபாரத்தில் தமிழ். நல்ல மனிதர், ராசி பார்ப்பதில் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. விஜயதசமியன்று போணி பண்ணும்போது, பூஜையில் வைத்த பொருளைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பார். அன்றைக்கு நான் லீவு. குடோனில் புது மூட்டைகள் அடுக்கி இருந்தன, ஆனால் அவற்றுக்கு யாரும் குங்குமம் வைக்கவில்லை. டிரம்முக்கு வைத்திருந்தது. "பூஜை ஆன பொடி இருக்கும்போது வேற எதுக்கு? அதுலேயே தும்பு" என்று சொல்லிவிட்டார். கன்னடத்தில் தும்பு என்றால் நிரப்பு. முதலாளி சொன்ன நல்ல நாளில், நல்ல நேரத்தில், மாலை போட்ட டிரம்மை வைத்துக்கொண்டு, இதில் சோடாவும் இருக்கிறது சார் என்று சொல்ல முனிராஜுவுக்கு வாய் வரவில்லை. இரண்டும் நெருப்பை அணைக்கிறதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறார். போணிக்கு இரண்டு சிலிண்டர் நிரப்பினார்கள். ஒன்றைப் பட்டறையிலேயே வைத்துக்கொண்டார்கள். இன்னொன்று அத்திபெலேயில் முதலாளிக்குத் தெரிந்தவருடைய கல்யாண மண்டபத்துக்குப் போனது. போணி ராசியாக இருக்கட்டும் என்று அதைச் சமையல் கட்டில் மாட்டினார்கள்.

மறுநாள் காலையில் நான் பட்டறைக்குப் போனபோது, போணி சிலிண்டர் வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. தலையில் வட்டமாக ஒரு மீட்டர் இருக்குமே, அதில் முள் பச்சைப் பட்டைக்குள் நிற்க வேண்டும். இது பச்சையைத் தாண்டி அடுத்த சிவப்பில் நின்றது.

"பாத்தீங்களா மேடம், நம்ம போணி!" என்று உள்ளே இருந்த பையன்களில் யாரோ பெருமைப்பட்டான். முள் குறைவாக நின்றால்தான் ஜனங்கள் கவலைப்படுவார்கள். அதிகமாக நின்றால் சம்பளம் கூடிய மாதிரி சந்தோஷம்.

"எவ்ளோ பிரஷர் வச்சீங்க?" என்று முனிராஜுவைக் கேட்டேன்.

"எப்பவும் வக்கிறதுதான் மேடம். முள்ளு பச்சை நடுவுல நின்னுச்சு. நானே பாத்தேன்."

அவர் பொய் சொல்ல மாட்டார். வெயிலுக்கு முள் கொஞ்சம் ஏறும், இவ்வளவு ஏறாது. "எந்தப் பொடி போட்டீங்க?" என்றேன். அவர் டிரம்மைப் பார்த்தார். மூடியைத் திறந்தேன். மேலே மாவாகத்தான் இருந்தது. கையை விட்டுப் பார்த்தால் அடியில் வெல்லக் கட்டி மாதிரி உருண்டை உருண்டையாக நெருடியது. டிரம்மைக் கழுவிய ஈரம் அடியில் தங்கியிருந்திருக்கிறது.

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டேன், மிதந்தது. சிலிக்கோன் பூச்சு தண்ணீரை அண்டவிடாது. கை கழுவும் சோப்புத் தண்ணீரை இரண்டு சொட்டு விட்டுக் கலக்கினேன். பொடி நனைந்து கீழே இறங்கியது, உடனே சுர்ரென்று நுரைத்துக்கொண்டு மேலே வந்தது. தனிப் பாஸ்பேட் வெறும் தண்ணீரில் நுரைக்காது. தனிச் சோடாவும் நுரைக்காது. இரண்டும் கூட இருந்தால்தான் இந்த ஆர்ப்பாட்டம்.

முனிராஜு டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். "ரெண்டும் வெள்ளைதானே மேடம்" என்றார்.

வாசல் சிலிண்டர் பக்கம் யாரும் போகக் கூடாது என்று சொல்லி, சுவருக்குப் பின்னால் நின்றபடியே அதன்மேல் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடிக்கச் சொன்னேன். சூடு குறைந்தால் அழுத்தமும் குறையும், உள்ளே நடக்கிற காரியமும் மந்தமாகும். அது வெயிலில் நின்றே இந்த நிலைமை. இன்னொன்று எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சமையல் கட்டில் என்றார்கள். இன்றைக்கு அங்கே என்ன என்று கேட்டேன். கல்யாணம் என்றார்கள்.

முதலாளி மண்டபத்து மேனேஜருக்கு போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார். "ஃபயர் சிலிண்டர் சரியா இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"சூப்பரா இருக்கு சார்! முள்ளு பச்சைய தாண்டிக்கினு நிக்குது. போன கம்பெனிக்காரன் வச்சதெல்லாம் பாதியிலேயே நிக்கும். ஒரு தபா அமுக்கிப் பாத்துடட்டுமா?"

போனை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். முதலாளி கையிலிருந்து நான் எதையும் பிடுங்கியது அந்த ஒரு முறைதான்.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். போனில் என்ன சொல்வது என்பது சின்ன சங்கதி இல்லை. "அதில் ஏதோ கோளாறு" என்று சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் முதல் காரியமாகப் போய் அதை எடுத்துக் குலுக்கிப் பார்ப்பார். மனுஷ சுபாவம் அது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். "வெடிக்கும்" என்றால், அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை பந்திக்குப் போய்ச் சேர ஒரு நிமிஷம் ஆகாது. பட்டுப்புடவையும் கைக்குழந்தையுமாக நானூறு ஐந்நூறு பேர் ஒரே வாசலுக்கு ஓடுவார்கள். சிலிண்டரால் சாகாதவர்கள் அதில் சாவார்கள்.

"அதைத் தொடாதீங்க. பக்கத்துல இருக்கிற அடுப்பை அணைக்கச் சொல்லுங்க. சமையல்காரங்களைக் கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லுங்க. நாங்க கிளம்பிட்டோம்" என்றேன்.

"முகூர்த்தம் முடிஞ்சிருச்சு மேடம். இன்னும் கொஞ்ச நேரத்துல பந்தி. இப்போ போயி அடுப்பை அணைக்கச் சொல்றீங்க? வாங்க வாங்க, நீங்களும் சாப்புட்டே போவலாம்" என்றார்.

காரில் போகும்போது முதலாளி, "மேடம், அங்க போயி கலந்துடுச்சு, வெடிச்சிரும், அது இதுன்னு எதுவும் வேணாம். சர்வீஸ்னு சொல்லி நைஸா எடுத்துக்கினு வந்துரலாம். நம்ம பேரு கெட்டுப் போயிரும்" என்றார்.

அவர் சொன்னதில் பாதி எனக்கும் சரியாகப் பட்டது. மண்டபத்துக்குள் சொல்லக் கூடாது என்பதுதான் என் யோசனையும். ஆனால் சமையல் கட்டில் இருப்பவர்கள் விஷயம் வேறு. அந்தச் சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்று கரண்டி பிடிப்பவர்கள் அவர்கள். உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: ஆபத்தை யாரிடம் மறைக்கலாம், யாரிடம் மறைக்கக் கூடாது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாரிடமும் சொல்வதும் தப்பு, ஒருவரிடமும் சொல்லாமல் இருப்பதும் தப்பு. அதைக் காரிலேயே முடிவு பண்ணிவிடுங்கள், இறங்கியபிறகு யோசிக்க யாரும் விடமாட்டார்கள்.

சமையல் கட்டு மண்டபத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. உள்ளே கால் வைத்ததும் முகத்தில் சூடு அடித்தது. வரிசையாக அடுப்புகள், எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. இரண்டு அடுப்புக்கு நடுவில் இருந்த தூணில், ஆணியில், நம் போணி. முள் சிவப்பைக் கடந்து, அதற்குமேல் போக இடமில்லாமல் கடைசித் தடுப்பில் முட்டிக்கொண்டு நின்றது. அதற்கடியில் ஒருவர் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். பெண்கள் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார்கள்.

தலைமைச் சமையல்காரர் பெயர் பெருமாள். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், அத்திபெலேயில் குடியேறி வெகு காலம் ஆகிறது. மேனேஜர் எங்களைக் காட்டி, சர்வீஸுக்கு வந்திருக்கிறார்கள், அடுப்பைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும் என்றார்.

"என்னா சார் வெளாடுறீங்களா? ரசம் இன்னும் ஒரு கொதி வரல. எல உள்ள போட்டுக்கினு இருக்காங்க. சர்வீஸ சாயங்காலம் வச்சிக்கிங்க" என்றார் பெருமாள்.

"சும்னே, சும்மா அஞ்சு நிமிஷம்தான் பெருமாளு. ஒண்ணும் பயமில்ல" என்றார் முதலாளி.

"ஆமா ஆமா, ஒண்ணும் ஆவாது" என்றார் மேனேஜர்.

"ஒண்ணும் ஆவாதுன்னா அப்புறம் என்னாத்துக்கு இப்போ? சாயங்காலம் வாங்க."

அவர் சொன்னது நியாயம். ஒன்றும் ஆகாது என்பவர்களுக்காக யாராவது கல்யாண ரசத்தை இறக்குவார்களா? நான் முன்னால் போனேன். அவர் என் நரைமுடியைப் பார்த்தாரோ என்னவோ, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க சொல்லுங்கம்மா. அது வெடிக்குமா, வெடிக்காதா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

ஒன்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. வெடிக்கும் என்று சொல்லியிருந்தால் அடுத்த நொடி கொட்டகை காலி. ஆனால் அந்தப் பெண்கள் கத்திக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவார்கள்? மண்டபத்துக்குள்தான். வெடிக்காது என்று சொன்னால் மூன்றாவது ஆளாக நானும் அந்த வரிசையில் போய் நின்றிருப்பேன். இரண்டுமே எனக்குத் தெரியாத விஷயம். தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

"தெரியாதுங்க. எங்க பட்டறையில ரெண்டு பொடி தப்பாக் கலந்துபோச்சு. உள்ள வாயு ஏறிக்கினே இருக்கு. அடுப்புச் சூட்டுக்கு இன்னும் வேகமா ஏறும். இரும்பு எதுவரைக்கும் தாங்கும்னு எனக்கு நிஜமாவே தெரியாது."

முதலாளி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். பெருமாள் இடுப்புத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, தானே போய் கேஸ் வால்வை மூடினார். ஒவ்வோர் அடுப்பாக அணைந்தது. எண்ணெய்ச் சட்டியையும் அண்டாக்களையும் தட்டு போட்டு மூடினார்.

"எல்லாரும் பின்வாசல் வழியா வெளிய போங்க. சத்தம் போடாம. மண்டபத்துப் பக்கம் போவாதீங்க."

"ரசம்ணா?" என்றார் ஒருவர்.

"ரசம் எங்கியும் போவாது. நீ போ."

முள் அந்த நிலையில் இருக்கும்போது அதைத் தூக்கக் கூடாது என்று நான் முடிவு பண்ணினேன். மாவாட்டுகிற அறைச் சுவருக்குப் பின்னாலிருந்து, ஜன்னல் வழியாகத் தண்ணீர் அடித்தோம். மீட்டரைக் கிட்டப் போய்ப் பார்க்கவும் மனமில்லை. செல்போன் கேமராவைப் பெரிதாக்கி, கையை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் அசைகிற மாதிரியே தெரியவில்லை.

இதற்குள் பெண்ணின் தாய்மாமன் வந்துவிட்டார். கல்யாண வீட்டில் கோபித்துக்கொள்ளத் தாய்மாமனுக்கு எப்போதும் உரிமை உண்டு, அன்றைக்குக் காரணமும் கிடைத்துவிட்டது. "மாப்ள வூட்டுக்காரங்க எலையில உக்காந்துக்கினு இருக்காங்க. இங்க அடுப்பு அணைஞ்சு கெடக்கு, தூணுக்குத் தண்ணி அடிச்சிக்கினு வெளாட்டு!" என்று ஆரம்பித்தார். மேனேஜர் அவரிடம் ஒன்றும் ஆகாது என்றார். அது அவரை இன்னும் கிளப்பியது. பெருமாள்தான் அவர் தோளில் கை போட்டு, எங்களிடமிருந்து தள்ளிக்கொண்டு போனார். என்ன சொன்னாரோ, மாமன் திரும்பி வந்து சத்தமில்லாமல் பின்வாசல் தோட்டத்தில் சமையல் பெண்களோடு நின்றுகொண்டார்.

ஒரு வழியாக முள் தடுப்பை விட்டு விலகியது. அப்புறம் மெல்ல இறங்கிப் பச்சையின் ஓரத்துக்கு வந்தது. நான் நனைந்த கோணிப்பையை எடுத்தேன். முதலாளி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "என் போணி மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கோணியைச் சுற்றி, சிலிண்டரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பின்பக்கத்துக் காலி மனைக்குப் போனார். அங்கே அஸ்திவாரத்துக்குத் தோண்டியிருந்த பள்ளத்தில் இறக்கினார். அவரை எத்தனையோ விஷயத்தில் குறை சொல்லியிருக்கிறேன். அதில் மட்டும் சொல்ல முடியாது.

வெடித்ததா என்று கேட்பீர்கள். வெடிக்கவில்லை. பந்தி வெகுநேரம் தாமதமாகி, ரசம் ஆறி, மறுபடி சுடவைத்து, எல்லாரும் சாப்பிட்டார்கள். தாய்மாமன் கை கழுவிவிட்டுப் போகும்போது எங்களைப் பார்த்து, "வெடிச்சிச்சா?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் என்னாத்துக்கு இந்தப் பாடு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். இந்தக் கேள்வியை உங்களிடமும் கேட்பார்கள், உத்தியோகம் முழுக்கக் கேட்பார்கள். நாம் வேலையை ஒழுங்காகப் பார்த்தால் அங்கே காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அதற்குப் பதில் தேடிக்கொண்டு திரியாதீர்கள், எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இரண்டு சிலிண்டரையும் குளிர வைத்து, வாயுவை ஜாக்கிரதையாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றியபின்தான் திறந்தோம். பட்டறையில் இருந்தது பாதி கட்டியாகியிருந்தது. மண்டபத்தில் இருந்ததைத் தலைகீழாகக் கவிழ்த்தால் ஒன்றும் விழவில்லை. பொடி போகிற குழாயைச் சுற்றி எல்லாம் ஒரே கல்லாக இறுகிக் கிடந்தது. கம்பியால் குத்தினால் டங்கென்று சத்தம் வந்தது. முனிராஜுவை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய், இரண்டு பொடிக்கும் வெவ்வேறு மூலையில் வெவ்வேறு நிறத்தில் டிரம் வைத்தார். இன்றைக்கு அந்த டிரம்களைச் சுற்றி நீங்கள் பார்க்கிற மஞ்சள் கோடும் நீலக் கோடும் அவர் போட்டதுதான்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வெடிக்கவிருந்ததை வெடிக்காமல் பார்த்துக்கொண்டோம் என்று எனக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சில நாள் கழித்து, மண்டபத்துக்குப் புது சிலிண்டரை நானே எடுத்துக்கொண்டு போனேன். பொடியை நானே சோதித்து, எதிரில் நின்று நிரப்ப வைத்தது. பெருமாள் அடுத்த கல்யாணத்துக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பழைய சிலிண்டர் என்ன ஆயிற்று என்று கேட்டார். சொல்லாமல் வந்திருக்கலாம். முதலாளி அப்படித்தான் சொல்லி அனுப்பினார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

"உள்ள கல்லாயிருச்சுங்க" என்றேன்.

"கல்லுன்னா?"

"பொடி மொத்தமா இறுகிப்போச்சு. அமுக்கினா ஒரு துளி வெளிய வந்திருக்காது."

அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்போ, அது வெடிக்காமயே நல்லபடியா தொங்கிக்கினு இருந்திருந்தா? அன்னிக்குக் கேஸ் டியூப் பத்திக்கினு இருந்திருந்தா?"

"வந்திருக்காது."

அவருக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பூசணிக்காய் விதையைக் கையால் ஒதுக்கிக்கொண்டே பேசினார். "அத மாட்டின அன்னிக்கே எல்லாரையும் கூட்டிக்கினு போயி நான்தாம்மா காட்டுனேன். நெருப்புன்னு வந்தா யாரும் கத்தாதீங்க, வெளிய ஓடாதீங்க, நேரா இதுங்கிட்ட வாங்க, இது இருக்குன்னேன். எம் பொண்டாட்டி, மச்சினிச்சி எல்லாம் இங்கதான் வேல செய்யுறாங்க. அவுங்களுக்குக் கையப் புடிச்சிக் கூட்டிக்கினு போயி காட்டுனேன்."

வெடிப்பதைப் பற்றி நான் எவ்வளவோ யோசித்திருந்தேன். இதை யோசிக்கவே இல்லை. எரிகிற கொட்டகையில், கதவை விட்டுவிட்டு, அந்தக் கல்லை நோக்கி அவர்கள் ஓடி வந்திருப்பார்கள்.

பெருமாள் எழுந்து நின்று, "எல்லாரும் இங்க வாங்க" என்று கூப்பிட்டார். ஈரக் கையோடு எல்லாரும் வந்து நின்றார்கள். "கேட்டுக்குங்க. இனிமே நெருப்புன்னா மொதல்ல வெளிய ஓடுங்க. அது பக்கம் யாரும் போவக் கூடாது. புரிஞ்சுதா?"

அவர்கள் தலையாட்டினார்கள். இது நல்ல சிலிண்டர், நானே பார்த்து நிரப்பியது என்று சொல்ல வாயெடுத்தேன். போன சிலிண்டரை மாட்டும்போதும் நம் ஆள் யாரோ அதையேதான் சொல்லியிருப்பார் என்று தோன்றியது.

பெருமாள் தூணைக் காட்டி, மரியாதையாகவே, "ஆணி அங்கதான் இருக்கு, மாட்டிட்டுப் போங்கம்மா" என்றார். மாட்டினேன். முள் பச்சையின் நடுவில் சரியாக நின்றது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.